“சார், இ.சி.யு போச்சு!” - பணம் கட்டும் முன் இதைப் படிச்சுட்டுப் போங்க

முகூர்த்த மாதத்தின் ஒரு சனிக்கிழமை மதியம். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் கல்யாணப் பட்டு எடுக்க சேலத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முகூர்த்தப் புடவை, நிச்சயதார்த்தப் புடவை, சம்பந்தி வீட்டுக்கு, அத்தைக்கு, நாத்தனாருக்கு என்று பைகள் நிறைந்துவிட்டன. சாயங்காலம் காமாட்சியம்மனைத் தரிசித்துவிட்டுக் கிளம்பினால் ராத்திரிக்குள் வீடு. அப்பா காரில் ஏறிச் சாவியைத் திருப்புகிறார். இன்ஜின் ‘கிர்... கிர்...’ என்று சுற்றுகிறதே தவிர, பிடிக்கவில்லை. வழக்கமாக சாவி போட்டதும் எரியும் மஞ்சள் நிற செக் இன்ஜின் விளக்கும் எரியவில்லை.

அக்கம்பக்கத்தில் விசாரித்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வருகிறார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகிப் பார்க்கிறார் அவர். “இன்ஜின் கம்ப்யூட்டர் பதிலே சொல்லலை சார். இ.சி.யு போச்சு. மாத்தணும்.”

அடுத்து அவர் சொல்லும் தொகையைக் கேட்டால், கையிலிருக்கும் புடவைப் பையை அப்படியே கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று தோன்றும்.

சரிகை அசலா, எத்தனை கிராம், கோர்வை போட்டதா என்று பத்துக் கேள்வி கேட்டுத்தான் நம் வீட்டுப் பெண்கள் பட்டு எடுக்கிறார்கள். ஆனால், முகூர்த்தப் புடவைக்கு நிகரான விலையில் காருக்குள் ஒரு பெட்டி மாற்றப்படும்போது வீட்டில் யாரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. என்ன கேட்பது என்று தெரியாததுதான் காரணம்.

பெட்டி சின்னது, வேலை பெரியது

அம்பாசிடர் காலத்தில் இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காற்று என்பதை கார்புரேட்டர் பார்த்துக்கொண்டது. ஸ்க்ரூ டிரைவரும் நல்ல காதும் இருந்தால் மெக்கானிக் அதைச் சரிசெய்துவிடுவார். 1979-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம், எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் ‘மோட்ரானிக்’ முறையை பி.எம்.டபிள்யூ 732ஐ காரில் கொண்டுவந்தது. புகை விதிகள் இறுக இறுக, உலகம் முழுக்க அந்த வழிக்குத்தான் வந்தாக வேண்டியிருந்தது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்த பிறகு, கம்ப்யூட்டர் இல்லாத புது பெட்ரோல், டீசல் காரை நினைத்தே பார்க்க முடியாது.

இ.சி.யு அல்லது இ.சி.எம் என்று சொல்லப்படும் இந்தப் பெட்டி, ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். சில கார்களில் பேட்டரிக்குப் பக்கத்தில், சிலவற்றில் டேஷ்போர்டுக்குக் கீழே, முன் சீட்டில் உட்காருபவரின் காலருகே ஒளிந்திருக்கும். நான்கு சிலிண்டர் இன்ஜின் சும்மா நிற்கும்போதே நிமிடத்துக்கு 800 முறை சுற்றும் என்று வையுங்கள். அப்போது நிமிடத்துக்கு 1,600 முறை பெட்ரோல் தெளிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு, எந்த நொடியில் என்று கணக்குப் போட்டு உத்தரவு கொடுப்பது இந்தப் பெட்டிதான்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். ஜக்கார்டு தறியில் ஓட்டை போட்ட அட்டைகள் கோத்துத் தொங்குமே, அதுமாதிரி. தறி ஒன்றுதான், அட்டையை மாற்றினால் பூ மயிலாகிவிடும். ஒரே மாடல் காரின் இரண்டு இ.சி.யு-க்கள் பார்க்க இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தாலும், உள்ளே ஏற்றிய ‘அட்டை’ வேறாக இருக்கலாம். கியர் போடும் காருக்கு ஒன்று, ஆட்டோமேட்டிக் காருக்கு ஒன்று, பி.எஸ்.4-க்கு ஒன்று, பி.எஸ்.6-க்கு ஒன்று. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள நீளமான எண்தான் அதைச் சொல்லும். அந்த எண்ணைச் சரிபார்க்காமல், “அதே வண்டியோடதுதான் சார்” என்று யாராவது பெட்டியை நீட்டினால் நம்ப வேண்டாம்.

கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள்

இ.சி.யு சீக்கிரம் கெட்டுப்போகும் பொருள் அல்ல. இன்ஜின் சூட்டையும் அதிர்வையும் பல வருடம் தாங்கும்படி செய்யப்பட்டது. ஆகவே, கார் கிளம்பவில்லை என்றதும் அதன்மேல் பழி போடுவது, வீட்டில் கரண்ட் இல்லை என்றதும் மின்நிலையமே வெடித்துவிட்டது என்பது போல.

ஸ்கேனருக்குப் பதில் வரவில்லை என்றால் பெட்டி செத்துவிட்டது என்று மட்டும் அர்த்தமில்லை. பெட்டிக்குச் சாப்பாடு போகவில்லை என்றும் இருக்கலாம். பேட்டரி சோர்ந்திருக்கலாம். இ.சி.யு-வுக்கு மின்சாரம் கொடுக்கும் ஃபியூஸோ ரிலேவோ போயிருக்கலாம். எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கலாம். நம் ஊரில் இன்னொரு முக்கியக் குற்றவாளியும் உண்டு, எலி! நாலு நாள் எடுக்காமல் நிறுத்திய காரின் ஒயரை எலி கடித்து வைப்பது மெக்கானிக்குகளுக்கு அன்றாடக் கதை. அது இருபது ரூபாய் ஒயர் பிரச்னை. இ.சி.யு பிரச்னை அல்ல.

இதைவிட நுட்பமான ஒன்றும் இருக்கிறது. காரின் பல சென்சார்களுக்கு இ.சி.யு தன்னிடமிருந்து 5 வோல்ட் மின்சாரம் கொடுக்கிறது. அதில் ஏதோ ஒரு சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால், மொத்த 5 வோல்ட்டும் இறங்கிவிடும். இன்ஜின் கிளம்பாது, சில கார்களில் ஸ்கேனரும் பேசாது. பார்க்கிறவருக்கு இ.சி.யு போனது போலவே தெரியும். அனுபவமுள்ள மெக்கானிக் சென்சார் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார். ஒன்றைக் கழற்றியதும் ஸ்கேனர் உயிர்பெற்றால், மாற்ற வேண்டியது அந்தச் சென்சார் மட்டும்தான்.

ஸ்கேனரில் வரும் குறியீட்டையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். ‘யு0100’ என்று வந்தால், மற்ற கம்ப்யூட்டர்களால் இன்ஜின் கம்ப்யூட்டரோடு பேச முடியவில்லை என்று பொருள். அது ஒயராகவும் இருக்கலாம். ‘பி0606’ என்று வந்தால், இ.சி.யு தன் உள் பிராசஸரிலேயே கோளாறு என்று தானே ஒப்புக்கொள்கிறது என்று பொருள். அப்போது சந்தேகம் வலுக்கிறது. அப்போதும்கூட, மின்சாரமும் எர்த்தும் சரியாக வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே முடிவு.

நிஜமாகவே பெட்டி போயிருந்தால், ‘ஏன் போனது’ என்பது அடுத்த கேள்வி. ஜம்பர் ஒயரை பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தது, பேட்டரியைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைத்தது, ஷார்ட் ஆன இக்னிஷன் காயில்... காரணம் எதுவாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் புதுப்பெட்டி மாட்டினால், அதுவும் அதே வழியில் போகும்.

தண்ணீர் என்ற எமன்

அனந்தசரஸ் குளத்துக்குள் 40 வருடம் இருந்துவிட்டு, 2019-ல் அத்திவரதர் வெளியே வந்து 48 நாள் தரிசனம் தந்தார். காரின் கம்ப்யூட்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு ராத்திரி தண்ணீரில் இருந்தால் போதும், உள்ளே பச்சை பூக்க ஆரம்பித்துவிடும்.

2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னையும் காஞ்சிபுரம் மாவட்டமும் மறக்காது. இந்தப் பகுதியின் கார் ஆலைகளே உற்பத்தியை நிறுத்த வேண்டி வந்தது. தெருவில் நின்ற கார்கள் கூரை வரை மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் அதே காட்சி. இரண்டு முறையும் தண்ணீர் வடிந்த பிறகு பலர் செய்த முதல் தவறு, ‘ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்பியது. ஈரமான சர்க்யூட்டில் மின்சாரம் பாய்ந்தால் பிழைத்திருக்க வேண்டிய கம்ப்யூட்டரும் போகும். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் இன்ஜினே வளைந்து உடையும்.

வெள்ளத்தில் சிக்கிய கார் என்றால், பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிட்டு வண்டியைக் கட்டி இழுத்துப் போவதுதான் சரி. இன்ஷூரன்ஸுக்கும் இது முக்கியம். முழு பாலிசியில் வெள்ளச் சேதம் அடங்கும். ஆனால், நனைந்த காரை ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு சாதாரண பாலிசியில் அடங்காது. அதற்கு ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்று தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும். மழையே இல்லாமல் தானாகச் செத்த இ.சி.யு-வுக்கும் சாதாரண பாலிசி பணம் தராது, அது ‘எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுன்’ கணக்கில் போய்விடும். கார் இன்னும் வாரன்ட்டியில் இருந்தால், வெளி மெக்கானிக் யாரும் பெட்டியைத் திறக்க விடாமல் நேராக ஷோரூமுக்குப் போவதே புத்திசாலித்தனம்.

இழைக்கு இழை பிணைக்கும் வேலை

தறியில் ஒரு பாவு தீர்ந்துபோனால், காஞ்சிபுரத்து நெசவாளர் புதுப் பாவைக் கொண்டுவந்து அப்படியே மாட்டிவிடுவதில்லை. அச்சில் ஏற்கெனவே கோத்திருக்கும் பழைய இழையின் நுனியோடு புது இழையின் நுனியை, ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். பொறுமையைக் கேட்கும் வேலை. ஒன்று விட்டுப்போனாலும் துணியில் தெரிந்துவிடும்.

கார் கம்ப்யூட்டர் மாற்றுவதும் அப்படித்தான். நான்கு போல்ட்டைக் கழற்றிப் பெட்டியை மாட்ட பத்து நிமிடம் போதும். அந்தப் பெட்டியை இந்தக் காரோடு பிணைப்பதுதான் நிஜமான வேலை. பலர் ஏமாறுவதும் இங்கேதான்.

காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிற இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை, 2010-ல் ரெனோ-நிசான் ஆலையாகத் திறக்கப்பட்ட ஒரகடம் ஆலை போன்ற இடங்களில் கார் உருவாகும்போதே இந்தப் பிணைப்பு நடந்துவிடுகிறது. காரின் சேசிஸ் நம்பர், வேரியன்ட், சாவியின் ரகசியக் குறியீடு எல்லாம் கம்ப்யூட்டரில் எழுதப்பட்டுத்தான் வண்டி வெளியே வரும். பெட்டியை மாற்றினால், ஆலையில் செய்ததை ஒர்க்‌ஷாப்பில் மறுபடி செய்தாக வேண்டும்.

முதலில் சாஃப்ட்வேர். புதுப்பெட்டி வெறுமையாக வந்தால், அந்தக் காருக்கு உரியதை ஏற்ற வேண்டும். ஏற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரி இறங்கினால், பாதியில் கரண்ட் போன போன் அப்டேட் கதைதான், புதுப்பெட்டியே பயனற்றுப் போகலாம். அதனால், நல்ல ஒர்க்‌ஷாப்பில் பேட்டரிக்குத் தனியாக ஒரு சப்ளை கொடுத்து வோல்ட்டேஜை நிலையாக வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள். “சார்ஜர் எல்லாம் எதுக்கு சார், அஞ்சு நிமிஷம்தான்” என்று சொல்லும் இடத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

பிறகு சேசிஸ் நம்பர். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும், ஸ்கேனர் காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அந்தத் திரையை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது சாவி. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் பேட்டரியே தேவைப்படாத ஒரு குட்டி சிப் இருக்கிறது. சாவி போடும் துவாரத்தைச் சுற்றியுள்ள காயில் அதற்கு உயிர் கொடுத்து, “நீ யார்?” என்று கேட்கும். பதில் சரியாக இருந்தால்தான் இ.சி.யு பெட்ரோலைத் திறந்துவிடும். இதற்குப் பெயர் இம்மொபிலைசர். திருடனுக்காக வைத்த பூட்டு. புதுப்பெட்டிக்கு உங்கள் சாவியைத் தெரியாது என்பதால், அதன் கண்ணுக்கு நீங்களும் திருடன்தான். இன்ஜின் ஒரு விநாடி உறுமி அணைந்துபோகும், மீட்டரில் சாவிப் படம் மின்னும். ‘புது இ.சி.யு-வும் ஃபால்ட்டு’ என்று பயந்துவிட வேண்டாம். சாவியை இன்னும் அறிமுகம் செய்யவில்லை, அவ்வளவுதான். பல கார்களில் இதற்கு ஒரு ரகசிய பின் நம்பர் வேண்டும். ஆர்.சி., அடையாள அட்டை காட்டி ஷோரூமில் கேட்க வேண்டியிருக்கும்.

டீசல் கார் என்றால் இன்னொரு படி. ஒவ்வொரு இன்ஜெக்டரும் தயாராகும்போதே ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசத்தை எழுத்தும் எண்ணுமாக இன்ஜெக்டரின் தலையில் பொறித்திருப்பார்கள். எந்த சிலிண்டரில் எந்தக் குறியீடு என்று கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். எழுதாவிட்டாலும் வண்டி ஓடும். ஆனால், நிற்கும்போது உதறும், புகை தள்ளும், மைலேஜ் குறையும். ‘இ.சி.யு மாத்தினதுலேர்ந்து வண்டி சரியில்லை’ என்று புலம்புகிற டீசல் கார்க்காரர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

கியர் கம்ப்யூட்டருக்குத் தனிப் பாடம்

ஆட்டோமேட்டிக் கார்களில் கியருக்கென்று இன்னொரு கம்ப்யூட்டர் உண்டு. 2014-ல் மாருதி செலேரியோவில் ஏ.எம்.டி. வந்த பிறகு, கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத கார் நடுத்தரக் குடும்பத்துக்கும் வந்துவிட்டது. ஏ.எம்.டி.யில் நம் இடது காலின் வேலையை ஒரு மோட்டார் செய்கிறது. கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்க ஆரம்பிக்கும் என்பது காருக்குக் கார் மாறும், தேய்மானத்துக்கு ஏற்பவும் மாறும். புதுக் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. ஸ்கேனர் மூலம் கிளட்சையும் கியர்களையும் ஒருமுறை ‘கற்றுக்கொள்ள’ச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், கார் டிரைவிங் ஸ்கூலில் முதல் நாள் ஓட்டுபவர் மாதிரி குலுங்கும்.

சி.வி.டி. கியர்பாக்ஸ்களில் எண்ணெய் அழுத்தத்தின் அளவுகளை எழுத வேண்டிவரும். இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் சிலவற்றில் கம்ப்யூட்டரும் வால்வுகளும் சேர்ந்து ஒரே உறுப்பாக கியர்பாக்ஸோடு இருக்கும். தெருவோரத்தில் வைத்துச் செய்கிற வேலையல்ல அது.

பழைய பெட்டி வாங்கலாமா?

புது இ.சி.யு-வின் விலையைக் கேட்டதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது சென்னை புதுப்பேட்டை. பழைய பெட்டி விலை குறைவு என்பது உண்மை. ஆனால், அது இன்னொரு காரின் சேசிஸ் நம்பரையும் சாவியையும் மனசில் வைத்துக்கொண்டு வரும். சில நிறுவனங்களின் பெட்டிகளை ஒருமுறை ஒரு காரோடு பிணைத்துவிட்டால், சாதாரண ஸ்கேனரால் வேறு காருக்கு மாற்ற முடியாது.

அதற்கு ஒரு வழி ‘க்ளோன்’ செய்வது. பழுதான பெட்டியின் நினைவகத்தில் உள்ளதை அப்படியே எடுத்து, அதே எண் கொண்ட பழைய பெட்டியில் எழுதுவார்கள். சாவியும் அப்படியே வேலை செய்யும். இதற்கு நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆக, உங்கள் காரிலிருந்து கழற்றிய பெட்டி, செத்ததாகச் சொன்னாலும், குப்பை அல்ல. உங்கள் காரின் ஜாதகம் அதற்குள்தான் இருக்கிறது. அதை மெக்கானிக்கிடமே விட்டுவிட்டு வராதீர்கள்.

பெட்டியையே பழுது பார்ப்பவர்களும் உண்டு. உள்ளே ஒரு கெபாசிட்டரோ, காயிலை இயக்கும் ஒரு ஐ.சி.யோ மட்டும் போயிருந்தால், சாவி, கோடிங் எதையும் தொடாமல் வேலை முடியும். தண்ணீரில் ஊறி அரித்த போர்டுக்கு இது பெரும்பாலும் சரிப்படாது. சரிசெய்தாலும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்ல முடியாது. ஏர்பேக் கம்ப்யூட்டர் மட்டும் விதிவிலக்கு. அதைப் பழையது வாங்கி மாட்டாதீர்கள். உயிர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்.

பழைய பெட்டியை பில் இல்லாமல் வாங்குவதும் ஆபத்து. அது திருட்டு வண்டியினுடையதாக இருந்தால், விசாரணை உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்.

சாவி யார் கையில்?

பக்கத்துத் தெரு மெக்கானிக்கால் இதையெல்லாம் செய்ய முடியாதா? திறமை இல்லாததால் அல்ல, பல நேரம் அனுமதி இல்லாததால் முடிவதில்லை. சாஃப்ட்வேரும் பின் நம்பரும் நிறுவனத்தின் சர்வரில் இருக்கின்றன. அதற்குள் நுழையும் உரிமை பெரும்பாலும் ஷோரூமுக்குத்தான்.

இந்திய போட்டி ஆணையம் இதை விசாரித்திருக்கிறது. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததாக, 2014 ஆகஸ்ட்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் மக்களே வாக்களித்து, கார் பழுதுபார்க்கும் தகவல்களை எல்லா மெக்கானிக்குகளுக்கும் திறந்துவிடச் சட்டம் கொண்டுவந்தார்கள். நம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென ஒரு தளம் தொடங்கியது. அதில் கார்களும் அடக்கம். ஆனாலும், ஷட்டருக்குள் வேலை செய்யும் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்கு அந்த சர்வரின் கதவு இன்னும் அகலத் திறக்கவில்லை என்பதுதான் நிலைமை.

இன்னொரு எச்சரிக்கை. பெட்டியைத் திறந்த கையோடு, “பிக்கப் ஏத்தித் தரவா சார்? புகை ஃபில்டரை ஆஃப் பண்ணித் தரவா?” என்று கேட்பவர்களும் உண்டு. சாஃப்ட்வேரில் புகைக் கணக்கை ஏமாற்றியதற்காக 2015-ல் ஃபோக்ஸ்வேகன் உலகம் முழுக்க சிக்கியது, சுமார் 1.1 கோடி கார்கள். தனி ஆளுக்கும் சட்டம் உண்டு. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம் என்கிறது 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம்.

காந்தி ரோட்டுக் குடும்பத்துக்குத் திரும்புவோம். ஃபியூஸ், ரிலே, எர்த், 5 வோல்ட் எல்லாம் பார்த்தாயிற்று. நிஜமாகவே இ.சி.யு-தான் போயிருக்கிறது. காரை இழுத்துப்போய் ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு, பட்டுப் பைகளோடு பஸ் ஏறுகிறார்கள். சில நாள் கழித்து போன் வருகிறது. “வண்டி ரெடி சார். வரும்போது ரெண்டு சாவியையும் எடுத்துட்டு வாங்க. சாவி பதியும்போது கையில இருக்கறது மட்டும்தான் பதியும்.”

அப்பா ஒரு சாவியோடு மட்டும் கிளம்பிப் போனால் என்ன ஆகும்? கார் வீடு வந்து சேரும். பீரோவில் இருக்கும் அந்த இரண்டாவது சாவி, அன்றிலிருந்து கதவைத் திறக்கும். இன்ஜினைக் கிளப்பாது.